உபாகமம் 28-ல் வரும் கப்பல் யாருடையது?

நாசரேத்தூரான்:
அக்கா மகன் ஒரு காணொளி அனுப்பியிருந்தான். நியூயார்க் நடைபாதை. ஓரத்தில் தொங்கல் வைத்துத் தைத்த உடுப்போடு நாலைந்து கறுப்பின ஆண்கள். பக்கத்தில் பெரிய அட்டை. ஒருபக்கம் யூதா, பென்யமீன், லேவி என்று இஸ்ரவேலின் பன்னிரண்டு கோத்திரங்கள். எதிரே அமெரிக்கக் கறுப்பர், மேற்கிந்தியத் தீவினர், ஹைத்தி மக்கள் என்று இன்றைய இனங்கள். ஒருவர் பைபிளின் உபாகமம் 28:68-ஐ உரக்க வாசிக்கிறார். கர்த்தர் உன்னைக் கப்பல்களில் எகிப்துக்குத் திரும்பப் போகப்பண்ணுவார், அங்கே வேலைக்காரராகவும் வேலைக்காரிகளாகவும் விற்கப்படுவீர்கள் என்று வரும் வசனம். "கப்பலில் ஏற்றி விற்கப்பட்ட ஜனம் எது? நாம்தானே! அப்படியென்றால் மெய்யான இஸ்ரவேலர் யார்?" என்று கேட்கிறார். கூட்டம் ஆமென் போடுகிறது.

சின்ன வயதிலிருந்து கேட்டு வரும் சாபப் பட்டியல் அதிகாரம் அது. எங்கள் ஊரில் அதை வாசித்தால் கடன்பட்டவனும் மழை காணாதவனும் தலையைக் குனிந்துகொள்வார்கள். கப்பல் என்றதும் அட்லாண்டிக் எனக்கு நினைவுக்கு வந்ததே இல்லை. இந்த வம்சக் கணக்கு எனக்கு ஒப்பவில்லை. ஆனால் சிரித்துத் தள்ளவும் மனம் வரவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

டொராண்டோ தம்பி:
அண்ணாச்சி, என்னோடு வேலை பார்க்கும் ஜமைக்கா அம்மா ஒருவர் இதை நம்புகிறவர். பன்றி தொடமாட்டார், சனிக்கிழமை வேலைக்கு வரமாட்டார். அந்த அட்டைப்படி அவர் பென்யமீன். நீங்கள் பார்த்தது தெருவில் கத்துகிற ஒரு பிரிவை மட்டும். 'கறுப்பு எபிரெய இஸ்ரவேலர்' என்ற இந்த இயக்கம் நேற்று யூடியூபில் முளைத்த சங்கதி இல்லை. அமெரிக்காவில் அடிமைமுறை ஒழிந்து ஒரு தலைமுறைக்குள் தொடங்கிவிட்டது. 1896-ல் கான்சாஸில் சபை ஆரம்பித்த வில்லியம் சாண்டர்ஸ் க்ரௌடி அடிமையாகவே பிறந்தவர். 1969-ல் பென் அம்மி என்ற தலைவரின் ஆட்கள் சிகாகோவிலிருந்து லைபீரியா வழியாக இஸ்ரேலுக்கே போய் டிமோனாவில் குடியேறினார்கள். இன்றும் அங்கே இருக்கிறார்கள்.

வசனத்தையும் முழுதாகப் படியுங்கள். 41-ல் பெற்ற பிள்ளைகள் சிறைப்பட்டுப் போவார்கள். 48-ல் கழுத்தில் இருப்பு நுகம். 49-ல் பாஷை தெரியாத ஜாதி தூரத்திலிருந்து வரும். இதெல்லாம் யாருக்கு நடந்தது? இன்னொன்று: அடிமையாக விற்கப்பட்டு மீண்ட ஒலாடா எக்வியானோ 1789-லேயே தன் வரலாற்றில், தங்கள் இக்போ வழக்கங்களுக்கும் பழைய யூதர் வழக்கங்களுக்கும் உள்ள ஒற்றுமையை எழுதியிருக்கிறார். வெள்ளைக்காரன் சொல்லிக்கொடுத்த கதை என்று தள்ளிவிட முடியாது.

பழைய ஏடு:
தம்பி, அந்த 68-ஆம் வசனம் இன்னும் முடியவில்லையே. விற்கப்படுவீர்கள் என்றதற்கு அப்புறம் என்ன வருகிறது? உங்களை வாங்க ஆள் இருக்காது என்று வருகிறது. சாபத்தின் உச்சம் அதுதான். அடிமையாகக்கூட விலைபோகாத நிலை. அட்லாண்டிக்கில் நடந்தது இதற்கு நேர் எதிர். வாங்குவதற்கு ஐரோப்பாவே வரிசையில் நின்றது. ஆப்பிரிக்கக் கரையில் கப்பலேற்றப்பட்டவர்கள் ஏறத்தாழ 1.25 கோடி. உயிரோடு கரை இறங்கியவர்கள் சுமார் 1.07 கோடி. அதில் வட அமெரிக்க நிலப்பகுதிக்கு நேராக வந்தவர்கள் 4 லட்சத்துக்கும் குறைவு. பிரேசிலுக்கு மட்டும் 48 லட்சம். நியூயார்க்கில் நிற்கிறவன் தன்னை யூதாவாக வைத்து எழுதிய அட்டை அது. பிரேசில்காரன் எழுதியிருந்தால் யூதா வேறு ஊரில் இருந்திருப்பான்.

கப்பலும் எகிப்தும் சேர்ந்து வந்த நேரம் ஒன்று உண்டு. கி.பி. 70-ல் எருசலேம் விழுந்தபோது பதினேழு வயதுக்கு மேற்பட்ட கைதிகளில் பலரை விலங்கிட்டு எகிப்தின் சுரங்கங்களுக்கு அனுப்பினார்கள், அதற்குக் கீழே இருந்தவர்களை விற்றார்கள் என்று அந்தக் காலத்து யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார்.

எனக்கு இதைவிடப் பெரிய வருத்தம் வேறொன்று. உபாகமம் 28-ன் பிற்பாதி தண்டனைப் பட்டியல். கட்டளையை மீறியதற்குக் கிடைக்கும் கூலி. அந்த இடத்தில் அடிமைக் கப்பலைக் கொண்டுபோய் வைத்தால், சவுக்கு பிடித்த தோட்ட முதலாளி கடவுளின் கைக்கோல் ஆகிவிடுகிறான். தளத்துக்குக் கீழே சங்கிலியில் கிடந்து செத்த குழந்தை எந்தக் கட்டளையை மீறியது?

டொராண்டோ தம்பி:
சார், எகிப்து என்றால் வரைபடத்தில் இருக்கும் எகிப்து மட்டும்தானா? யாத்திராகமம் 20-லேயே அதற்கு "அடிமைத்தன வீடு" என்று பேர். எந்த அடிமைத்தன வீடும் எகிப்துதான். 'வாங்குவார்' என்பதை அவர்கள் 'மீட்பார்' என்றுதான் எடுக்கிறார்கள். உங்களை மீட்க ஒருவனும் வரமாட்டான் என்று அர்த்தம்.

பழைய ஏடு:
அங்கே இருக்கும் எபிரெயச் சொல் 'கோனே'. கடைத்தெருவில் காசு கொடுத்து வாங்குகிறவன். மீட்பவனுக்கு 'கோயேல்' என்று வேறு சொல் இருக்கிறது. ரூத் புத்தகத்தில் போவாஸ் அதுதான். கப்பலை மட்டும் கப்பலாகவே வைத்துக்கொண்டு எகிப்தையும் வாங்குபவனையும் உருவகமாக்கினால் எப்படி?

கருஞ்சட்டை:
நண்பர்களே, நல்ல வேடிக்கை. ஒரு வீட்டில் கட்டிப்போட்டு அடித்தார்கள். விடுதலையானவன் அந்த வீட்டின் பத்திரத்தில் தன் தாத்தா பேர் இருக்கிறதா என்று தேடுகிறான். நீங்கள் இருவரும் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்தைச் சரிபார்க்கிறீர்கள்.

அந்தப் புத்தகம் யாருக்குப் பயன்பட்டது என்று பாருங்கள். நோவா குடித்துவிட்டு நிர்வாணமாகக் கிடந்ததை மகன் காம் பார்த்துவிட்டான், அதற்கு அவன் வம்சம் அடிமையாகும் என்று ஒரு சாபம். அதை வைத்து முந்நூறு வருஷம் வியாபாரம். 1861-ல் தென் மாநிலங்கள் பிரிந்து தனிக் கூட்டமைப்பு அமைத்தபோது அதன் துணைத் தலைவர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ் சவானாவில் பேசியதைத் தேடிப் படியுங்கள். இயற்கையினாலோ கானானின் சாபத்தினாலோ கறுப்பன் அந்த நிலைக்கே தகுந்தவன் என்று மேடையில் சொன்னார். அவர் திரித்துச் சொன்னார் என்று சொல்வீர்கள். சரி, யாத்திராகமம் 21-ஐ யார் திரித்தது? அடித்த அடியில் அடிமை ஓரிரு நாள் பிழைத்துக் கிடந்தால் எஜமானுக்குத் தண்டனை இல்லை, ஏனென்றால் அவன் இவனுடைய உடைமை. லேவியராகமம் 25: அந்நிய ஜாதி அடிமைகளைப் பிள்ளைகளுக்குச் சொத்தாக எழுதிவைக்கலாம். எபேசியர் 6: எஜமான்களுக்குப் பயத்தோடு கீழ்ப்படியுங்கள். தோட்ட முதலாளிக்கு இதற்கு மேல் விளக்கவுரை தேவைப்படவில்லை.

நாசரேத்தூரான்:
தோழரே, நீங்கள் காட்டிய வசனங்களுக்கு என்னிடம் பதில் இல்லை. மழுப்பவும் மாட்டேன். ஆனால் நோவா கதையில் ஒரு திருத்தம். ஆதியாகமம் 9:25-ல் சபிக்கப்பட்டவன் காம் இல்லை, அவன் மகன் கானான். அடுத்த அதிகாரத்தில் காமுக்கு நான்கு பிள்ளைகள்: கூஷ், மிஸ்ராயீம், பூத், கானான். ஆப்பிரிக்காவோடு சேர்த்துச் சொல்லப்படும் கூஷுக்கும் பூத்துக்கும் சாபமே கிடையாது. கானான் பிள்ளைகள் சீதோனிலும் எருசலேம் பக்கத்திலும் இருந்தவர்கள். தோலின் நிறத்தைப் பற்றி அந்தக் கதையில் ஒரு சொல்கூட இல்லை.

இதை நான் நாற்பது வயதுக்கு மேல்தான் கவனித்தேன். ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லித்தந்த அண்ணன், "காமின் சந்ததிதான் கறுப்பர்கள், சபிக்கப்பட்டவர்கள்" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் என்னைவிடக் கறுப்பு. அன்று நான் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டது இன்னும் நினைவிருக்கிறது.

அடிமையாகப் பிறந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸ் 1845-ல் எழுதிய தன் வரலாற்றின் முதல் அத்தியாயத்திலேயே இந்தச் சாப வாதத்தைக் கேலி செய்கிறார். காமின் வம்சம் மட்டும்தான் அடிமையாக இருக்கவேண்டும் என்றால், வருஷாவருஷம் வெள்ளை எஜமானுக்கும் அடிமைப் பெண்ணுக்கும் பிறந்துகொண்டிருக்கும் ஆயிரக்கணக்கான பிள்ளைகளை என்ன செய்வது? சீக்கிரமே தெற்கின் அடிமைமுறை வேதத்துக்கு விரோதமாகிவிடுமே என்கிறார். அவருக்கும் தகப்பன் ஒரு வெள்ளைக்காரன் என்றுதான் பேச்சு.

பழைய ஏடு:
அண்ணாச்சி சொன்னதோடு இன்னொன்று. இந்தச் சாபக் கதையைக் கிறிஸ்தவர்கள் மட்டும் வைத்துக்கொள்ளவில்லை. அரபு உலகிலும் ஓடியது. 14-ஆம் நூற்றாண்டிலேயே அரபு வரலாற்றாசிரியர் இபின் கல்தூன் அதை அறியாமை என்று தள்ளி, நிறத்துக்குக் காரணம் வெயிலும் தட்பவெப்பமும்தான் என்று எழுதிவிட்டார்.

கறுப்பு மனிதர்களைப் பைபிளில் தேட வம்ச அட்டையே தேவையில்லை. அவர்கள் கண்ணெதிரே நிற்கிறார்கள். நம் பழைய மொழிபெயர்ப்பு 'எத்தியோப்பியா' என்று போடும் இடங்களில் எபிரெயத்தில் இருப்பது 'கூஷ்'. பெரும்பாலும் இன்றைய சூடான் பகுதி. 2 இராஜாக்கள் 19-ல் அசீரியனோடு யுத்தம் பண்ணப் புறப்பட்ட தீராக்கா அந்த ஊர் ராஜா. எகிப்தையும் சேர்த்து ஆண்டவர். அவருடைய பிரமிடு சூடானில் நூரியில் இருக்கிறது. அப்போஸ்தலர் 8-ல் ரதத்தில் ஏசாயாவைப் படித்துக்கொண்டு போகும் மந்திரி, கந்தாகே என்ற அரசியின் பொக்கிஷக்காரர். கந்தாகே என்பது ஆள் பேர் இல்லை, மெரோவே நாட்டு அரசிகளின் பட்டம்.

எனக்குப் பிடித்தவன் எபெத்மெலேக். எரேமியா தீர்க்கதரிசியைச் சேற்றுக் குழியில் போட்டுவிட்டு எருசலேம் பிரபுக்கள் பேசாமல் இருக்கிறார்கள். ராஜாவிடம் போய்க் கேட்கிறவன் இந்தக் கூஷ் நாட்டான் ஒருவன்தான். வெறும் கயிற்றை மட்டும் விடவில்லை. அக்குளில் கயிறு அறுக்கக்கூடாது என்று பழைய கந்தைத் துணிகளையும் சேர்த்து இறக்குகிறான். எரேமியா 38, படித்துப் பாருங்கள். இப்படி ஒருவன் இருக்கும்போது எதற்குப் போய்ப் பென்யமீன்?

டொராண்டோ தம்பி:
எபெத்மெலேக் பெயருக்கே "ராஜாவின் ஊழியன்" என்றுதானே அர்த்தம் சார்? கதையில் கறுப்பர் வந்தால் வேலைக்காரனாகவும் மந்திரியாகவும் வருகிறார்கள். கதையே தங்களுடையதாக இருக்கவேண்டும் என்று ஆசைப்படக் கூடாதா?

பழைய ஏடு:
நல்ல கேள்வி. யோசிக்கிறேன்.

மணிமேகலை:
தம்பி கேட்டதற்கு நான் ஒரு வழியில் வருகிறேன். கொஞ்சம் நீளும்.

1807-ல் லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள், மேற்கிந்தியத் தீவுகளின் அடிமைகளுக்கென்றே. தெரிந்தெடுத்த பகுதிகள் என்று தலைப்பு. முழு பைபிளில் 1,189 அதிகாரங்கள். அதில் இருந்தது 232. யோசேப்பு விற்கப்பட்டு, அடங்கி நடந்து, முன்னுக்கு வந்த கதை இருக்கிறது. மோசே ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வெளியேறிய கதை இல்லை. "அடிமையென்றும் சுயாதீனனென்றும் இல்லை" என்ற கலாத்தியர் வசனம் இல்லை. தோழர் காட்டிய எபேசியர் 6 பத்திரமாக இருக்கிறது. புத்தகம் முழுக்க எஜமானுக்குச் சாதகம் என்றால் இவ்வளவு கத்தரிக்கோல் எதற்குத் தோழர்? பயம் இருந்த இடத்தில்தான் வெட்டியிருக்கிறார்கள்.

எதிர்ப்பக்கமும் வெட்டியது, அதைத்தான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். ஹோவர்ட் தர்மன் என்ற இறையியலாளரின் பாட்டி அடிமையாகப் பிறந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது. பேரன்தான் பைபிள் வாசித்துக் காட்டுவான். பவுலின் கடிதங்களை மட்டும் வாசிக்க விடமாட்டார். எப்போதாவது அன்பைப் பற்றிய 1 கொரிந்தியர் 13-க்கு மட்டும் அனுமதி. பின்னாளில் காரணம் கேட்டபோது சொன்னாராம்: எஜமானின் போதகர் வரும்போதெல்லாம் பவுலை எடுத்து, அடிமைகளே கீழ்ப்படியுங்கள் என்றே பிரசங்கம் பண்ணுவார். விடுதலை கிடைத்து, படிக்கவும் கற்றுக்கொண்டால் அந்தப் பகுதியை மட்டும் தொடமாட்டேன் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். இந்தப் பாட்டியின் பைபிள் எது? லண்டனில் அச்சடித்ததும் இல்லை, நியூயார்க் அட்டையும் இல்லை. யாத்திராகமத்தில் தன்னைப் பார்க்க அவருக்கு எந்தக் கோத்திரமும் தேவைப்படவில்லை. அடிமைகளைத் தப்புவித்துக் கூட்டிப்போன ஹேரியட் டப்மனை மோசே என்று கூப்பிட்டவர்கள் அவருடைய பரம்பரையைக் கேட்டார்களா?

கருஞ்சட்டை:
அந்தத் தர்மன் கதையின் மற்ற பாதியை ஏன் விட்டுவிட்டீர்கள்? 1935-ல் அவர் இலங்கைக்கு வந்தார். கொழும்பு சட்டக் கல்லூரியில் பேசி முடித்ததும் அதன் முதல்வர் காபிக்குக் கூப்பிட்டு நேராகக் கேட்டார்: உங்கள் முன்னோரைப் பிடித்து விற்றவர்கள் கிறிஸ்தவர்கள்; துதிப்பாடல் எழுதிய ஜான் நியூட்டனே அடிமை வியாபாரத்தில் இருந்தவர்; அடிமைகளை ஏற்றிய ஒரு கப்பலுக்குப் பேரே 'ஜீசஸ்'. நீங்கள் எதற்கு இந்த மதத்தைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்திருக்கிறீர்கள்? கப்பல் விஷயம் கதை இல்லை. 1564-ல் ஜான் ஹாக்கின்ஸ் அடிமை பிடிக்க ஓட்டிப்போன, எலிசபெத் அரசியின் சொந்தக் கப்பல் அது.

மணிமேகலை:
விடவில்லை, நீங்கள் சொல்வீர்கள் என்று தெரியும். :) அந்தக் கேள்வி தர்மனை விடவே இல்லை. பதிலாகத்தான் 1949-ல் ஒரு புத்தகம் எழுதினார். அவர் பிடித்துக்கொண்டது கிறிஸ்தவ மதத்தை இல்லை, இயேசுவை. ரோமாபுரிக்குக் கீழே, குடியுரிமை இல்லாத ஓர் ஏழை யூதன். பவுலுக்கு ரோமக் குடியுரிமை இருந்தது, இயேசுவுக்கு இல்லை. சிப்பாய் அடித்தால் கேட்க நாதியற்றவன் என்ற இடத்தில்தான் கறுப்பரும் இயேசுவும் ஒன்று என்றார்.

கருஞ்சட்டை:
சரி, உங்கள் வழியிலேயே வருகிறேன். அடிமைப்பெண் கண்ணால் படிப்போம். ஆகார். எகிப்துக்காரி, ஆகவே ஆப்பிரிக்கப் பெண். எஜமானி சாராள் தன் புருஷன் ஆபிரகாமுக்குக் கொடுத்தாள், அவளைக் கேட்டுக் கொடுக்கவில்லை. கர்ப்பமானதும் கொடுமை தாங்காமல் வனாந்தரத்துக்கு ஓடுகிறாள். தேவதூதன் வந்து என்ன சொன்னான்? உன் எஜமானியிடம் திரும்பிப் போய் அடங்கியிரு. ஓடிப்போன அடிமையைப் பிடித்துக் கொடுக்க 1850-ல் அமெரிக்கா சட்டம் போட்டது. அதற்கு முன்னோடி ஆதியாகமம் 16. உங்கள் விடுதலைக் கடவுள் அன்று எங்கே போனார்?

மணிமேகலை:
இதைக் கறுப்பினப் பெண்களே கேட்டுவிட்டார்கள், தோழர். டெலோரஸ் வில்லியம்ஸ் 1993-ல் ஆகாரை வைத்தே ஒரு முழு நூல் எழுதினார். கடவுள் எப்போதும் விடுவிக்கிறவர் என்று கறுப்பின ஆண் இறையியலாளர்கள் சொல்லிக்கொண்டிருந்தபோது, ஆகாரை அவர் விடுவிக்கவில்லையே என்று எடுத்துச் சொன்னார். அவர் கண்டது பிழைத்துக் கிடக்கும் வழியை. தண்ணீர், பிள்ளை, நாளைய பொழுது. அந்த அடிமைப்பெண் கடவுளுக்கே பேர் வைக்கிறாள், "நீர் என்னைக் காண்கிற தேவன்" என்று. என் வகுப்பில் இதைப் படித்த நாளில் எனக்கும் திருப்தி வரவில்லை. இன்றும் இல்லை. திரும்பிப் போ என்ற வார்த்தை அங்கேதான் இருக்கிறது.

நாசரேத்தூரான்:
நடுவில் ஒன்று. உன்னதப்பாட்டு 1:5-ல் நம் பைபிள் "நான் கறுப்பாயிருந்தாலும், அழகாயிருக்கிறேன்" என்கிறது. அந்த 'இருந்தாலும்' மூலத்தில் உண்டா சார்?

பழைய ஏடு:
மூலத்தில் இருப்பது ஓர் ஒற்றை எழுத்து, 'வ'. 'உம்' என்றும் எடுக்கலாம், 'ஆனாலும்' என்றும் எடுக்கலாம். பழைய கிரேக்க மொழிபெயர்ப்பு "கறுப்பும் அழகும்" என்று எடுத்தது. லத்தீன் 'ஆனாலும்' போட்டது. நம்மவர்கள் 'இருந்தாலும்' போட்டுவிட்டார்கள். கறுப்பழகி என்று கூசாமல் சொல்லும் மொழியில் இந்த 'இருந்தாலும்' எதற்கு என்று எனக்கும் எரிச்சல்தான். எண்ணாகமம் 12-ஐயும் சேர்த்துப் படியுங்கள். மோசே கூஷ் நாட்டுப் பெண்ணைக் கட்டியதற்காக மிரியாம் முணுமுணுத்தாள். அவளுக்கு வந்த தண்டனை, "உறைந்த மழையின் வெண்மைபோன்ற" குஷ்டம். கறுப்பைக் குறை சொன்னவள் வெளுத்துப்போனாள். நிறம்தான் காரணம் என்று அடித்துச் சொல்லமாட்டேன், எழுதினவனுக்குக் குறும்பு இல்லை என்றும் சொல்லமாட்டேன்.

டொராண்டோ தம்பி:
நேற்று இதையெல்லாம் அந்த ஜமைக்கா அம்மாவிடம் சொன்னேன். வாங்க ஆளில்லை என்ற வசனம், பிரேசில் கணக்கு, எல்லாம். கோபப்படவில்லை. போனைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினார். ஜமைக்காவில் 1817-லிருந்து எடுத்த அடிமைப் பதிவேட்டின் ஒரு பக்கம். முதலாளி பேருக்குக் கீழே வரிசை வரிசையாக ஆட்கள். பேர், நிறம், வயது, அப்புறம் ஒரு கட்டம்: ஆப்பிரிக்காவில் பிறந்தவரா, தீவில் பிறந்தவரா. அவருடைய பாட்டிக்குப் பாட்டியின் தாய் அதில் இருக்கிறார். அந்தக் கட்டத்தில் "ஆப்பிரிக்கர்" என்று ஒரே சொல். எந்த ஊர், எந்த ஜனம், ஒன்றும் இல்லை. "உன் சிநேகிதர்கள் என்னைப் பென்யமீன் இல்லை என்கிறார்கள், சரி. அப்படியானால் இந்தக் கட்டத்தில் நான் என்ன எழுதட்டும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பழைய ஏடு:
அந்தப் பாட்டியின் பேர் என்ன தம்பி?

டொராண்டோ தம்பி:
ஃபிபா. அது மட்டும்தான். குடும்பப் பேர் இல்லை.

பழைய ஏடு:
அப்படியென்றால் கட்டம் காலியாக இல்லை. பேருக்குள்ளேயே ஒரு சேதி இருக்கிறது. ஃபிபா என்பது இன்றைய கானாப் பக்கத்து அகான் மக்களின் கிழமைப் பேர் ஜமைக்காவில் மருவியது. அங்கே அஃபுவா என்பார்கள். வெள்ளிக்கிழமை பிறந்த பெண். திங்களுக்கு ஜூபா, ஞாயிறுக்கு குவாஷிபா. அதை வைத்து அகான் என்று முத்திரை குத்தமாட்டேன், ஏனென்றால் தோட்டங்களில் மற்ற இனத்தவருக்கும் இந்தப் பேர்கள் ஒட்டின. ஆனால் தேடத் தொடங்க ஓர் இடம். யூதாவும் பென்யமீனும் வந்து உட்காரும்போது போகிறது இதுதான். இக்போ, அகான், கொங்கோ என்று எத்தனையோ பேர் அங்கே இருந்தார்கள். முதல் தடவை கப்பல்காரன் அழித்தான்.

கருஞ்சட்டை:
இதில் மட்டும் உங்களோடு நான்.

மணிமேகலை:
தம்பி, அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு என்ன சொன்னார் என்று இங்கே எழுதுங்கள்.

டொராண்டோ தம்பி:
எழுதுகிறேன் அக்கா. இன்று வெள்ளி. இங்கே பொழுது சாய்ந்துவிட்டது, இனி நாளை சாயங்காலம் வரை அவர் போன் எடுக்கமாட்டார். ஓய்வுநாள்.